துண்டுக்கு அடியில் நாலாவது விரல்

உ
திருமங்கலம்
ஈசுவர வருஷம் தை மாதம் 8

மதுரை காஜிமார் தெரு சேக் இஸ்மாயில் பாய் அவர்களுக்கு, திருமங்கலம் மாட்டு வியாபாரம் சின்னச்சாமி எழுதிக்கொண்டது. நலம் விசாரிப்பதற்காக எழுதவில்லை. கார்டில் எழுதினால் தபால்காரன் படிப்பானே என்று என் வீட்டுக்காரி மாயக்காள் சொன்னாள். படிக்கட்டும்.

போன சந்தையில் நடந்தது உமக்கு மறந்திருக்காது. உம்முடைய மயிலை மாட்டு ஜோடிக்கு விலை பேசத் துண்டு போட்டோம். நூறுக்கு மேல் எத்தனை பத்து என்பதுதான் பேச்சு, ஒரு விரலுக்கு ஒரு பத்து. துண்டுக்கு அடியில் நீர் என் வலது கையில் மூன்று விரலைப் பிடித்தீர். நான் சம்மதம் என்று உள்ளங்கையை அழுத்தினேன். பணத்தை எடுத்தால், "நாலு பிடிச்சேன் அண்ணே, ஒண்ணு குறையுது" என்கிறீர். அதுவும் இருநூறு பேர் நிற்கிற இடத்தில்.

சந்தைக் குத்தகைதாரர் காசிமாயன் முன்னால் நானும் சத்தியம் செய்தேன், நீரும் செய்தீர். துண்டுக்கு அடியில் நடந்ததற்குச் சாட்சி ஏது? நான் உள்ளூர்க்காரன், என் சொல் எடுபட்டது. நீர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டீர். நீர் போன பிறகு காசிமாயன் சொன்னது இது: இனி இந்தச் சந்தையில் யாரும் உமக்குத் துண்டு போடக் கூடாது. நான் கேட்டு வாங்கிய தீர்ப்பு. மறைக்க ஒன்றுமில்லை.

எழுத்து கோணலாக இருப்பது வலது முழங்கை வலியால். கை நடுங்கி எழுதினேன் என்று எண்ண வேண்டாம். கார்டில் இடம் தீர்ந்தது.

சின்னச்சாமி


786
காஜிமார் தெரு, மதுரை
27-1-1938

சின்னச்சாமி அண்ணனுக்கு இஸ்மாயில் எழுதுவது. நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், இங்கே எல்லோரும் நலம். உங்கள் கார்டு வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அதிலிருந்தே படித்துவிட்டார் என்று தெரிந்தது. நான் கவரில் எழுதுகிறேன்.

நான் நாலு விரல் பிடித்தேன். ஆள்காட்டியில் ஆரம்பித்து சுண்டுவிரல் வரைக்கும், நாலு. அல்லாஹ் அறிய இதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பதினேழு வருஷமாக உங்கள் துண்டுக்குள் கை நீட்டியிருக்கிறேன். முதல் தடவை நீட்டியபோது உங்களுக்குச் சொந்தமாக ஒரு மாடு கிடையாது. அடுத்தவர் மாட்டை வாடிப்பட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் நடத்திக் கொண்டுபோய் கூலி வாங்கிக்கொண்டிருந்தீர்கள். நானும் தோல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன்தான். நீங்கள் பொய் சொல்லி முன்னுக்கு வந்தவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஒரு வாரமாக எனக்கு இது பிடிபடவில்லை. நான் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அப்புறம் அந்த ஒரு விரல் எங்கே போச்சு?

கார்டில் உங்கள் எழுத்தைப் பார்த்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காலையில் டீக்கடையில் உங்கள் கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. "எண்ணெய்க் கை" என்று சொல்லிச் சிரித்தீர்கள். முழங்கை வலி எந்தப் பக்கம், வெளிப்பக்கமா உள்பக்கமா? சுண்டுவிரலில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறதா?

என் மச்சினன் ஜலால் பினாங்கிலிருந்து வந்து தெற்குமாசி வீதியில் ஓர் அறை எடுத்திருக்கிறான். அங்கே ஓர் அமெரிக்கக்காரரிடம் ஆறு வருஷம் கூடவே இருந்து, கைகால் மூட்டையும் முதுகெலும்பையும் கையாலேயே சரிசெய்கிற வைத்தியம் பழகினவன். மருந்து கிடையாது, கத்தி கிடையாது. போர்டில் 'கைரோபிராக்டிக்' என்று எழுதியிருக்கிறான். ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை, 'நெட்டி டாக்டர்' என்கிறார்கள். ஒருதரம் காட்டுங்கள்.

சே. இஸ்மாயில்


உ
திருமங்கலம்
தை மாதம் 22

இஸ்மாயில் பாய்க்கு,

கவர் வந்தது. நான் மாடு நடத்திக் கூலி வாங்கினதை ஞாபகப்படுத்தினதற்குச் சந்தோஷம். அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

நீர் கேட்டதால் சொல்கிறேன், வேறொன்றுமில்லை. வலி ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. முழங்கையின் உள்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல. மடக்கினால் வலி, எதன்மேலாவது ஊன்றினால் சுர்ரென்று கை நெடுக இறங்கும். எறும்பு ஊர்வதும் உண்டு. மாடு வியாபாரிக்கு எறும்பு ஊராத உடம்பு ஏது?

உமக்குக் கார்டு போட்ட பிறகு ஒரு கட்டு வைத்தியரிடம் போனேன். மூட்டு விலகியிருக்கிறது என்றார். இரண்டு ஆளை விட்டு என்னைப் பிடித்துக்கொண்டு கையை இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த எருமை அறுத்துக்கொண்டு ஓடியது. பிறகு முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, கையை மடக்கினபடியே கழுத்தில் தூக்கிக் கட்டிவிட்டார். ஒரு மண்டலம் அவிழ்க்கக் கூடாதாம். கட்டின நாளிலிருந்து வலி ஒன்றுக்கு இரண்டாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கட்டோடுதான் எழுதுகிறேன். ஒரு வரிக்கு மூன்றுதரம் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

உம்முடைய மச்சினனிடம் நான் எதற்கு வர வேண்டும்? நான் போய் உட்காருவேன், அவர் கையைப் பார்த்துவிட்டு, "இது செத்த கை, இதுக்கு மூணும் நாலும் தெரியாது" என்பார். நீர் அதைக் காசிமாயனிடம் எழுதிக் கொடுப்பீர். நான் மாட்டுக்குப் பல் பார்த்து வளர்ந்தவன் பாய். வாயைத் திறக்கும் முன்னாலே வயசு சொல்வேன்.

வர மாட்டேன்.

சின்னச்சாமி


786
மதுரை
10-2-1938

சின்னச்சாமி அண்ணனுக்கு,

வர வேண்டாம். ஆனால் அந்தக் கட்டை இன்றைக்கே அவிழ்த்து எறியுங்கள். இதில் எனக்கு லாபம் ஒன்றுமில்லை.

உங்கள் பெயரைச் சொல்லாமல் ஜலாலிடம் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்து, முழங்கையின் உள்பக்கத்துக் குழியில் விரலால் லேசாகத் தட்டினான். சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. "மச்சான், இந்த இடத்திலே ஒரு நரம்பு எலும்புக்கும் தோலுக்கும் நடுவிலே ஓடுது. மேலே சதை கிடையாது. கையை மடக்கினா நரம்பு இழுபடும், ஊன்றினா நசுங்கும். ஒருநாள் ரெண்டுநாள்னா பரவாயில்லை. மாசக்கணக்கில் நசுங்கினா, வலி இருக்கிறது முழங்கையில், உணர்வு போறது சுண்டுவிரலில்" என்றான். அப்படிப்பட்ட கையை மடக்கி ஒரு மண்டலம் கட்டிவைக்கலாமா என்று கேட்டேன். சிரித்தான். "குரல்வளையைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடச் சொல்ற மாதிரி" என்றான்.

இனி என் பாடு. வாடிப்பட்டிச் சந்தையிலும் நேற்று எனக்குத் துண்டு போடவில்லை. திருமங்கலத்துப் பேச்சு அங்கே எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. சிவனாண்டி தரகர் என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். ஆறு மாடு ஓட்டிக்கொண்டு போனேன், ஆறும் திரும்பி வந்தன. என் வீட்டுக்காரி அஜ்மல் பீவி ஆறுக்கும் தண்ணீர் காட்டினாள்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கூடுகிற மாட்டுத்தாவணிச் சந்தைதான் என் வருஷப் பிழைப்பு. அது உங்களுக்குத் தெரியாததில்லை. அங்கேயும் இந்தப் பேச்சு வந்தால் நான் மறுபடியும் தோல் மண்டிக்குத்தான் போக வேண்டும், நாற்பத்தெட்டு வயசில்.

சே. இஸ்மாயில்


உ
திருமங்கலம்
மாசி மாதம் 12

இஸ்மாயிலுக்கு,

கட்டை அவிழ்த்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, உளுந்தமாவு புளித்து நாற ஆரம்பித்தது.

மூக்கணாங்கயிறு வாங்க மதுரைக்கு வந்தவன், வந்த காலோடு உன் மச்சினனையும் பார்த்துவிட்டுப் போனேன். அவர் உன்னிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் மிச்சம் மீதி இருந்தால் நான் சொல்கிறேன்.

அறையில் ஒரு நீட்டுப் பலகை, மெத்தை தைத்தது. சுவரில் ஒரு மனுஷனை முதுகுப்பக்கம் உரித்துப் போட்ட மாதிரிப் படம். எனக்கு உன் தோல் மண்டி ஞாபகம்தான் வந்தது. ஆள் சின்ன வயசு, பேச்சு மெதுவு. கையைத் தொடவே இல்லை, கால்மணி நேரம் கேள்விதான்.

"பஸ்ஸில் எப்படி உட்காருவீங்க?"

"காசு கொடுத்தவன் எப்படி வேணும்னாலும் உட்காருவான்."

"உட்கார்ந்து காட்டுங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து, சன்னல் இருக்கிறதாக நினைத்து வலது முழங்கையை ஊன்றிக் காட்டினேன். வண்டியில் எப்படி என்றார். வண்டிச் சட்டத்தில் இதே முழங்கை. கடையில்? மேஜையில் இதே முழங்கை. படுத்தால்? அதே கையை மடக்கித் தலைக்கு அடியில். எனக்கே வெட்கமாகிவிட்டது. பத்து மாட்டுக்கு ஒரே முளைக்குச்சியைக் கொடுத்த மாதிரி, இம்புட்டு வருஷமும் ஒரே எலும்பின்மேல் சாய்ந்திருக்கிறேன்.

பிறகு குப்புறப் படுக்கச் சொல்லிக் கழுத்திலிருந்து முதுகுவரை விரலால் தடவிப் பார்த்தார். கைக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்துதான் கிளம்புகிறதாம், அங்கேயும் இறுக்கம் உண்டாம். உட்காரவைத்துத் தலையைப் பிடித்தார். கோழிக்கழுத்தைத் திருகப்போகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் திருப்பினார், கடைசியில் சின்னதாக ஒரு தட்டு. 'நெட்' என்று சத்தம். உயிர் இருந்தது. அப்புறம் முன்னங்கைச் சதையைப் பிசைந்து, முழங்கையை நீட்டி, மணிக்கட்டைப் பிடித்து ஏதோ செய்தார். எருமை ஓடவில்லை.

"இதனால் குணமாகுமா?" என்று கேட்டேன். "நான் செய்யறது கால்பங்கு. முழங்கையை ஊன்றாமல் இருக்கிறது முக்கால் பங்கு. அதை நீங்கதான் செய்யணும்" என்றார். வியாபாரி இல்லை உன் மச்சினன். இருந்தால் முழுப்பங்கும் தன்னுடையது என்றிருப்பார். படுக்கும்போது முழங்கையைச் சுற்றித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ள வேண்டும், மடங்காமல் இருக்க. வாரம் ஒருநாள் வர வேண்டும். கட்டைவிரல் பக்கத்துச் சதை குழிவிழ ஆரம்பித்தால் தன்னிடம் வராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

இவ்வளவுதான் நடந்தது.

சின்னச்சாமி


786
மதுரை
3-3-1938

சின்னச்சாமி அண்ணனுக்கு,

கடிதம் படித்துச் சிரித்தேன். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு சிரித்தேன் என்று அஜ்மல் பீவி சொல்கிறாள்.

ஜலால் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீங்கள் வந்ததையே உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். "நோயாளி கையில் நான் பார்த்தது நோயாளிக்குச் சொந்தம். நீங்க அக்கா புருஷனா இருந்தாலும் சரி" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவன் சரி.

அதனால் உங்களிடமே ஒரே ஒரு கேள்வி. கண்ணை மூடச் சொல்லி, விரல்களைத் தொட்டுப் பார்த்தானா?

அந்தக் கால்மணி நேரக் கேள்வியை அத்தனை விலாவாரியாக எழுதின நீங்கள், கடைசியில் "இவ்வளவுதான் நடந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிக்கிற ஆள் இல்லையே நீங்கள்.

சே. இஸ்மாயில்


உ
திருமங்கலம்
பங்குனி மாதம் 3

மாப்ள இஸ்மாயிலுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் ஆரம்பித்து நாலு தரமும் அடுப்பில் போட்டேன்.

தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார், ஒரு பஞ்சை எடுத்துத் தொட்டார், பிறகு குண்டூசியால் தொட்டார். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எல்லாம் சரியாகச் சொன்னேன். மோதிரவிரலில் பாதி தெரிந்தது. அப்புறம் வெகுநேரம் சும்மா இருந்தார். "ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன். "நிறுத்தலை. கண்ணைத் திறங்க" என்றார். குண்டூசி சுண்டுவிரலில் குத்தி, ஒரு பொட்டு ரத்தமே வந்திருந்தது.

நான் நம்பவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகும் நம்பவில்லை. இஸ்மாயிலின் ஆள், ஏதோ தந்திரம் செய்கிறார் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வீட்டில் உங்களுக்கு வேண்டப்பட்ட யாரையாவது விட்டுப் பார்த்துக்குங்க" என்றார்.

பத்து நாள் செய்யவில்லை. போன செவ்வாய்க்கிழமை, மாயக்காள் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, "ஏய், உள்ளே கையை விட்டு ஏதாவது விரலைப் பிடி" என்றேன். "வயசான காலத்துல இது என்ன விளையாட்டு?" என்றாள். அதட்டினதும் கையை விட்டாள். நான் காத்திருந்தேன்.

"சீக்கிரம் பிடி, கஞ்சி பொங்குது" என்றேன்.

"பிடிச்சு எம்புட்டு நேரமாச்சு" என்றாள்.

துண்டை எடுத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரலை மாட்டுக் காம்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீ நாலு பிடித்தாய் மாப்ள. எனக்கு மூன்று வந்து சேர்ந்தது.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். வலி இப்போது பாதி குறைந்திருக்கிறது. ஊன்றுவதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி உட்காருகிறேன். உணர்வு வர ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்கிறார் ஜலால். நீ கொஞ்சம் பொறு. கை சரியானதும் காசிமாயனிடம் நானே சொல்கிறேன். இப்போது சொன்னால், "இந்தக் கைக்கு விரல் தெரியாது" என்று நானே தண்டோரா போட்ட மாதிரி. அப்புறம் எவன் என் துண்டுக்குள் கை விடுவான்? எனக்கு நிலம் கிடையாது, படிப்பு கிடையாது. இந்தக் கை ஒன்றுதான். மற்றவர்களுக்கு விலை பேச வாய் இருக்கிறது, நமக்குக் கைதானே வாய்.

உன் நஷ்டம் எதுவானாலும் நான் ஏற்கிறேன். இந்த வருஷம் மட்டும் பொறு.

சின்னச்சாமி


786
மதுரை
21-3-1938

சின்னச்சாமி அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் இல்லை. இது என் பெட்டியில் இருந்தால் ஒருநாள் இல்லை ஒருநாள் காசிமாயனிடம் கொண்டுபோய்க் காட்டத் தோன்றும். நேற்று வரைக்கும் மூன்று தரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். நாலாவது தரம் ஏறிவிடுவேன் போலிருக்கிறது. நீங்கள் என்னை நம்பி எழுதினதை நான் சந்தையில் விரித்தால், அப்புறம் நான் சத்தியம் செய்ததற்கு என்ன மரியாதை?

என் நஷ்டத்தை ஏற்பதாகச் சொல்கிறீர்கள். எதை ஏற்பீர்கள்? நேற்று என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அத்தா, விரல் திருடன்னா என்ன?" என்று கேட்டான். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் 'ஒரு வருஷம் பொறு' என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் ஒரு வருஷம் கழித்து உங்கள் கையில் உணர்வு வந்துவிட்டால், அன்றைக்கு நீங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்? "நல்ல கையை வச்சுக்கிட்டு பாய்க்காகப் பொய் சொல்றாரு" என்பார்கள். இப்போது உங்கள் கையிலேயே சாட்சி இருக்கிறது. குணமாகக் குணமாகச் சாட்சி போய்விடும்.

தாவணிக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. இனி இதைப் பற்றி நான் எழுத மாட்டேன். வாரா வாரம் ஜலாலிடம் வருவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நீங்கள் வருகிற நாளில் நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.

சே. இஸ்மாயில்


உ
திருமங்கலம்
பங்குனி மாதம் 28

மாப்ள இஸ்மாயிலுக்கு,

முடிந்தது. நீ வேறு யார் மூலமாகவாவது கேள்விப்படும் முன்னால் நானே எழுதுகிறேன். இந்தச் சந்தையில் ஒன்று நடந்தால் அது ஊருக்குள் போகும்போது கொம்பு இரண்டும் வால் இரண்டும் முளைத்திருக்கும்.

போன சந்தையில் கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்துக் காசிமாயனைக் கூப்பிட்டேன். "அண்ணே, துண்டு போடுங்க" என்றேன். எந்த மாட்டுக்கு என்றார். "மாட்டுக்கு இல்லை, என் கைக்கு. எத்தனை விரல் வேணும்னாலும் பிடிங்க, நான் வாயால் சொல்றேன்" என்றேன். எல்லோரும் வேடிக்கை என்று சுற்றி நின்றார்கள். இரண்டு பிடித்தார், இரண்டு என்றேன். மூன்று பிடித்தார், மூன்று என்றேன். நாலு பிடித்தார், மூன்று என்றேன். துண்டை விலக்கிக் காட்டினார். மறுபடி நாலு, மறுபடியும் மூன்று என்றேன். ஐந்தாவது தடவை அவர் துண்டை விலக்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தார்.

"தையில இஸ்மாயில் பாய் பிடிச்சதும் நாலுதான்" என்றேன். "அவர் சொன்னது நிசம். என் கை சொன்னது பொய். நான் கையை நம்பினேன்."

அப்புறம் ஆரம்பித்தார்கள். நல்லகாமன், "அப்போ மார்கழியில என் செவலை ஜோடிக்கும் ஒரு விரல் போச்சா?" என்றான். அவன் வாயை மூடும் முன்னால் இன்னும் நாலு பேர். வலி வந்தது ஐப்பசியில், அதற்கு முந்திய பேரம் எதற்கும் நான் பொறுப்பில்லை, பிந்தியதை உட்கார்ந்து பேசுவோம் என்றேன். தானம் செய்ய நான் வரவில்லை. சிவனாண்டிதான் பலமாகச் சிரித்தான். "அண்ணே, இனிமே நீங்க மாட்டோட காலைப் பிடிச்சு விலை கேக்கலாம், அதுக்கு விரலே கிடையாது!"

தீர்ப்பு இரண்டு. உனக்குத் துண்டு போடலாம், எங்கேயும் எப்போதும். காசிமாயன் வாடிப்பட்டிக்கும் ஆள் அனுப்பிவிட்டார், நான் கூடவே நின்று அனுப்பினேன். இரண்டாவது, என் கை சரியாகும் வரைக்கும் நான் துண்டுக்குள் கை நீட்ட வேண்டாம். "உங்க மேல சந்தேகம் இல்லை, கை மேலதான்" என்றார். நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு ஜோடி கொண்டுபோயிருந்தேன். மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் வரவில்லை. கடைசியாகச் சுருளி வந்து, அனுதாபத்தில் வாயாலேயே விலை கேட்டான். நானும் வாயாலேயே சொன்னேன். பக்கத்தில் இருந்த பத்து பேருக்கும் கேட்டுவிட்டது. அவன் சட்டையில்லாமல் நின்ற மாதிரி கூசிக்கொண்டு போய்விட்டான். "இடது கையை நீட்டுமேன்" என்று யாரோ கத்தினார்கள். "இடது கையில வாங்கின மாடு பின்னாலதான் நடக்கும்" என்று சிவனாண்டி சொல்ல, சந்தையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. என்ன செய்ய?

ஜலாலிடம் நேற்றுப் போனேன். முழங்கையில் வலி அநேகமாக இல்லை. மோதிரவிரல் முழுசாக வந்துவிட்டது. சுண்டுவிரல் இன்னும் வெளியூரில்தான் இருக்கிறது. கைச்சதை குழிவிழவில்லை, அது நல்ல அடையாளம் என்றார். நடந்ததைச் சொன்னேன். கையைப் பிசைந்துகொண்டே இருந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

தாவணிக்கு ஒன்பது ஜோடி ஓட்டி வருகிறேன். பணம் முழுக்க மாட்டில் கிடக்கிறது, விற்றே ஆக வேண்டும். வேறொருத்தர் கையை வாடகைக்குப் பிடிக்கலாம் என்றால், என் கையையே நான் நம்பி ஏமாந்த பிறகு அடுத்தவர் கையை எப்படி நம்புவது? அங்கே பார்த்தால் பேசு. பேசாவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

சின்னச்சாமி


786
மதுரை
15-4-1938

சின்னச்சாமி அண்ணனுக்கு,

வாடிப்பட்டியில் நேற்று ஐந்து பேர் துண்டு போட்டார்கள். சிவனாண்டி ஆறாவதாக வந்தார், அவரைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்தேன்.

உங்கள் கடிதத்தை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் பழையபடி எல்லாம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கார்டு எனக்கு மறக்க நாளாகும்.

தாவணியில் உங்கள் ஒன்பது ஜோடியில் இரண்டு ஜோடிக்கு நான் விலை கேட்கப் போகிறேன், கூட்டம் நிறைந்திருக்கிற நேரத்தில். காசிமாயனும் அங்கே இருப்பார், நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். "வலது கையைத்தானே வேண்டாம்னேன்" என்றார். நீங்கள் இடது கையை நீட்டுங்கள். நானும் இடது கையைத்தான் நீட்டுவேன். எங்கள் வீட்டில் இடது கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தாலே அஜ்மல் பீவி முறைப்பாள், அவளிடமும் சொல்லிவிட்டேன். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்தும் சேர்த்துச் சிரிக்கட்டும். இரண்டு ஜோடிக்கு அப்படித் துண்டு விழுந்துவிட்டால் மூன்றாவது ஜோடிக்கு வேறு யாராவது இடது கையோடு வருவார்கள். மாடு நல்ல மாடாக இருந்தால் எந்தக் கையும் வரும்.

விலையில் மட்டும் ஒரு விரல்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். மாட்டுக்கு நன்றாகப் பல் தேய்த்து ஓட்டி வாருங்கள், நான் வாயைத் திறந்து பார்ப்பேன்.

சே. இஸ்மாயில்